வறண்ட மாதங்களில் கைக்கருவிகள்: நிலைமின் இறக்கத்திலிருந்து காக்கும் வழிகள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருப்பதாலும், மாசி, பங்குனி மாதங்களில் மழை அரிது என்பதாலும், அம்மாதங்களின் பிற்பகல்களில் ராசிபுரம் வட்டாரக் காற்று நன்றாக வறண்டுவிடுகிறது. அந்தக் காற்றில் மெத்தை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொடுகிறவருக்கு விரல் நுனியில் சுருக்கென்று குத்துவதும், பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது இருட்டில் சிறு பொறிகள் தெரிவதும் ஒரே நிகழ்வின் இரு வெளிப்பாடுகள். ஒரு பொருளின் மேற்பரப்பில் நகர வழியின்றித் தேங்கி நிற்கும் மின்னூட்டம் நிலைமின் எனப்படும்; அது வேறொரு பொருளுக்குத் தாவி ஒரே கணத்தில் தீர்ந்துபோவது நிலைமின் இறக்கம் எனப்படும். மனிதருக்கு அது ஒரு கணத் திடுக்கிடல் மட்டுமே. கைப்பேசி, மடிக்கணினி, பென்டிரைவ், நினைவக அட்டை, காது கேட்கும் கருவி, நியாயவிலைக் கடையின் கைரேகைக் கருவி ஆகியவற்றின் உள்ளே இருக்கும் சில்லுகளுக்கோ அது மீள முடியாத சேதமாகிவிடக் கூடும்.

நிலைமின் உண்டாகத் தேய்ப்பு அவசியம் என்ற கருத்து பரவலாக இருந்தாலும், இரு பொருள்கள் ஒட்டிப் பிரிந்தாலே அது உண்டாகிவிடுகிறது. தேய்ப்பது ஒட்டும் பரப்பையும் எண்ணிக்கையையும் கூட்டுகிறது, அவ்வளவே. பிரியும்போது ஒரு பொருள் எலெக்ட்ரான்களை இழந்து நேர்மின்னூட்டமும் மற்றது அவற்றைப் பெற்று எதிர்மின்னூட்டமும் அடைகின்றன. எது இழக்கும், எது பெறும் என்பதை வைத்துப் பொருள்களை வரிசைப்படுத்தினால், மனிதத் தோல், நைலான், கம்பளி, பட்டு ஆகியவை இழக்கும் பக்கத்திலும், பருத்தி ஏறக்குறைய நடுவிலும், பாலியஸ்டர், பாலித்தீன், பி.வி.சி. ஆகியவை பெறும் பக்கத்திலும் அமைகின்றன. வரிசையில் இரு பொருள்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ பொதுவாக அவ்வளவு வலுவாக மின்னூட்டம் ஏறும் என்பதால், பட்டும் பாலியஸ்டரும் அடுத்தடுத்த தறிகளில் ஓடும் ஊர்களில் இந்த வரிசை நேரடியாகப் பயன்படும் செய்தியாகிறது.

ஏறிய மின்னூட்டம் தங்குமா, வடிந்துவிடுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஈரம். 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் பட்டு தன் உலர் எடையில் சுமார் 11 விழுக்காடு நீரையும், பருத்தி 8.5 விழுக்காடு நீரையும், நைலான் 4 விழுக்காடு நீரையும் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன, பாலியஸ்டரோ 0.4 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. நூலில் தங்கும் இந்த நீர் மின்னூட்டம் மெல்ல வடிந்துபோக வழி தருகிறது. குழித்தறியில் நெய்தவர்கள் தரையின் ஈரம் நூலுக்கு எட்டும்படி குழிக்குள் கால்வைத்து நெய்ததும், விசைத்தறிக் கூடங்களில் கோடைப் பகலில் தரையில் தண்ணீர் தெளிப்பதும் இழை அறாமல் இருக்கவே என்றாலும், நூலில் நிலைமின் சேராமல் இருக்கவும் அவை உதவின. நீரை ஏற்காத பாலியஸ்டர் நூலுக்கு இந்த உதவி பாதிகூடக் கிட்டுவதில்லை. பாலியஸ்டர் பாவு ஓட்டும் இடத்தில் ஓடும் இழைகளுக்கு அருகே முழங்கையைக் கொண்டுபோனால் கை மயிர் முழுவதும் பாவின் பக்கம் சாய்ந்து நிமிர்ந்து நிற்பதைக் கண்ணால் காணலாம்.

வீடுகளிலும் நிலைமை மாறியிருக்கிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு சிமென்ட் தரையிலோ ரெட் ஆக்சைடு தரையிலோ நடந்தவரின் உடலில் மின்னூட்டம் தங்குவதில்லை, ஏனெனில் சிமென்ட் தன்னுள் வைத்திருக்கும் சிறிதளவு ஈரமே அதை மண்ணுக்குக் கொண்டுபோகப் போதுமானது. வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸ், வீட்டுக்குள்ளும் அணியும் ரப்பர் செருப்பு, நுரை மெத்தை நாற்காலி, குளிர்சாதனத்தால் மேலும் உலர்ந்த அறைக் காற்று ஆகியவை சேரும் இடத்தில் அந்த வடிகால் அடைபட்டு, மனித உடலே மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கியாகிவிடுகிறது.

எவ்வளவு மின்னழுத்தம் சேரும் என்பதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980இல் வெளியிட்ட கையேட்டின் அளவுகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒப்பு ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும் வறண்ட காற்றில் வினைல் தரையில் நடப்பவரின் உடலில் 12,000 வோல்ட் வரையிலும், நுரை மெத்தை நாற்காலியில் 18,000 வோல்ட் வரையிலும், மேசையிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்தால் 20,000 வோல்ட் வரையிலும் ஏறலாம். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இதே செயல்களில் முறையே 250, 1,500, 1,200 வோல்ட் அளவே ஏறும். ராசிபுரத்தின் கோடைப் பகல் பெரும்பாலும் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில்தான் நிற்கிறது என்றாலும், ஈரம் குறையக் குறைய அளவு பல மடங்காகப் பெருகுகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

இந்த எண்களைக் கண்டு உடலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மனித உடலின் மின்தேக்குதிறன், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல், சுமார் 100 பிகோஃபாரட் என்று சோதனைகளில் கொள்ளப்படுகிறது. அந்தக் கணக்கில் 10,000 வோல்ட் ஏறிய உடலில் உள்ள ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். ஆனால் சில்லின் உள்ளே கதை வேறு. அதிலுள்ள டிரான்சிஸ்டர்களைக் கட்டுப்படுத்தும் முனைக்கும் சிலிக்கனுக்கும் நடுவே சில நானோமீட்டர் தடிப்பு மட்டுமே உள்ள ஆக்சைடு படலம் இருக்கிறது. ஒரு நானோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் என்ற அளவைத் தாண்டினால் அது துளைபடும் நிலைக்கு வந்துவிடும். இதனால்தான் சில்லுகளின் ஒவ்வொரு காலுக்கும் உள்ளேயே ஒரு காப்புச் சுற்று அமைக்கப்படுகிறது. அந்தக் காப்போடு சேர்த்தும்கூட, 100 வோல்ட்டைத் தாங்கக்கூடிய உறுப்புகளைப் பாதுகாப்பாகக் கையாள்வதையே உலகளாவிய தரநிலைகள் தம் அடிப்படை இலக்காக வைத்திருக்கின்றன.

மனித விரல் ஒரு நிலைமின் இறக்கத்தை உணர வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் இருக்க வேண்டும். சில்லு பழுதாகத் தொடங்கும் அளவுக்கும் விரல் உணரத் தொடங்கும் அளவுக்கும் இடையில் முப்பது மடங்கு இடைவெளி இருப்பதால், "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கவில்லையே" என்று பழுதுபார்ப்பவர் சொல்வது முற்றிலும் உண்மையாக இருக்கும்போதே அவர் கையிலிருந்த பலகை சேதமடைந்திருக்கலாம். புலன்களை நம்பி எச்சரிக்கையாக இருக்க முடியாத இடம் இது. எனவே உணர்வை நம்பாமல் ஒழுங்கை நம்ப வேண்டும். முதலில் மின்னூட்டத்தை மண்ணுக்கு விடுவது, பிறகு கருவியைத் தொடுவது என்ற வரிசையை மாற்றாமல் கடைப்பிடிப்பதே இந்த அத்தியாயம் சொல்லும் எல்லா வழிகளுக்கும் அடித்தளம்.

நாமக்கல் மாவட்டத்திற்கு இந்த ஒழுங்கு புதிதன்று. எரிவாயு டேங்கர் லாரியிலிருந்து வாயுவை இறக்கும் முன், குழாயை மாட்டுவதற்கும் முன்பாக, நிலையத்தின் எர்த் கம்பியை வண்டியின் உடலோடு இணைப்பதும், எல்லாம் முடிந்து குழாயைக் கழற்றிய பின்பே அந்தக் கம்பியை எடுப்பதும் அத்தொழிலின் கட்டாய நடைமுறை. எரிவாயு–காற்றுக் கலவை தீப்பற்ற ஒரு ஜூலில் பத்தாயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு ஆற்றலே போதும் என்பதால், மேலே கணக்கிட்ட உடல் பொறியே அங்கு பெருந்தீக்குக் காரணமாகிவிடும். இரு பொருள்களையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அவற்றுக்கிடையே பொறி பறக்காது என்ற அதே விதிதான் டேங்கரையும் காக்கிறது, நகத்தளவு நினைவக அட்டையையும் காக்கிறது.

மூடியிருக்கும் கருவி

முழுமையாக மூடியிருக்கும் கைப்பேசியைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படத் தேவையில்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61000-4-2 என்னும் தரநிலை, கருவியின் உலோகப் பகுதியைத் தொட்டு 8,000 வோல்ட் வரையிலும், காற்றின் வழியே 15,000 வோல்ட் வரையிலும் செலுத்திச் சோதிக்கும் முறையை வகுத்துள்ளது. 8,000 வோல்ட் தொடு சோதனையில் ஒரு நானோநொடிக்கும் குறைவான நேரத்தில் மின்னோட்டம் 30 ஆம்பியர் உச்சத்தைத் தொடுகிறது. இத்தகைய அடியைத் தாங்கும்படி, சார்ஜர் துளை, ஹெட்போன் துளை, பொத்தான்கள் ஆகியவற்றின் பின்னால் மிகுமின்னழுத்தத்தைத் தம்மீது வாங்கிச் சுற்றின் தரைமுனைப் பக்கம் திருப்பிவிடும் டையோடுகளைத் தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். "நிலைமின் தடுக்கும்" என்று அச்சிட்டு விற்கப்படும் கைப்பேசி உறைகளுக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண். சிலிக்கோன் உறை தானே ஒரு மின்காப்பி.

மூடிய கருவியின் பலவீனம் அதன் துளைகளில் உள்ளது. தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசி சார்ஜர் துளையில் அடைந்துபோக, அதைக் குண்டூசியாலும் கொண்டை ஊசியாலும் நோண்டி எடுக்கும் பழக்கம் இருக்கிறது. மின்னூட்டம் ஏறிய விரல் பிடித்த ஊசி, வெளி உலோக வளையத்தைத் தவிர்த்து, நேராக உள்ளே இருக்கும் தரவு முனையைத் தொடுகிறது. கருவியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, எர்த் உள்ள உலோகம் ஒன்றைத் தொட்ட பின், மூங்கில் அல்லது மரப் பல்குச்சியால் மெல்ல எடுப்பதே சரியான முறை.

பென்டிரைவும் நினைவக அட்டையும் மூடிய கருவிகளில் மிகவும் எளிதில் அடிபடுபவை. அட்டையின் தங்கநிறக் கோடுகள் ஒவ்வொன்றும் உள்ளே உள்ள சில்லின் கால்தான் என்பதால், அதை எப்போதும் ஓரங்களால் மட்டும் பிடிக்க வேண்டும். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய தறிகளில் சேலை டிசைன்களை வரைபவரிடமிருந்து தறியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் பென்டிரைவ்தான். அது பாலியஸ்டர் சட்டைப் பையில் பயணம் செய்து, நெய்த துணி உருளைக்கு அருகில் நிற்பவர் கையால் செருகப்படுகிறது. பாலியஸ்டர் துணிச் சுருள் தன் மேற்பரப்பில் பல ஆயிரம் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக் கூடியது, அருகில் நிற்பவரின் உடலிலும் அது தூண்டலால் மின்னூட்டத்தைப் பிரித்துவிடும். எனவே செருகும் முன் பென்டிரைவ் இல்லாத கையால் தறியின் வர்ணம் பூசாத இரும்புச் சட்டத்தைத் தொட்டு, தொட்ட கையை எடுக்காமலே மறு கையால் செருக வேண்டும். தறி மோட்டாரின் எர்த் இணைப்பு சரியாக இருந்தால்தான் இதற்குப் பயன் உண்டு. அந்த இணைப்பு அறுந்திருந்தால் நிலைமின்னைவிடப் பெரிய ஆபத்து அங்கே காத்திருக்கிறது என்பதையும் தறி உடைமையாளர் நினைவில் கொள்ள வேண்டும். டிசைனின் மூலப்படி கணினியில் இல்லாமல் ஒரே பென்டிரைவில் மட்டும் இருக்கும் நிலை எக்காலத்திலும் கூடாது.

லாரி, கார் ஓட்டுநர்கள் ரெக்சின் இருக்கையிலிருந்து இறங்கும்போது, இருக்கையும் உடையும் பிரியும் அக்கணத்தில் மின்னூட்டம் ஏறுகிறது. இறங்கத் தொடங்கும் முன்பே கேபின் கைப்பிடியின் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு, கால் தரையில் ஊன்றும் வரை விடாமலிருந்தால் அது ஏறும்போதே வடிந்துவிடும். இறங்கிய பிறகு தொடுவதுதான் சுருக்கென்று குத்துகிறது.

திறந்த கருவி: பழுதுபார்க்கும் மேசை

மூடியைக் கழற்றிய கணத்தில் தயாரிப்பாளர் அமைத்த காப்பின் பெரும்பகுதி விலகிப்போகிறது. பலகையிலிருந்து கழற்றிய டிஸ்பிளே கேபிளின் முனை, கேமரா, கைரேகை உணரி, மடிக்கணினியின் ராம் அட்டை ஆகியவை வெளியுலகைச் சந்திக்கும்படி வடிவமைக்கப்பட்டவை அல்ல. ராசிபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ளவை போன்ற, நான்கடி மேசையும் ஒரு நாற்காலியும் கொண்ட சிறு கைப்பேசிக் கடைகள் குறைந்த செலவில் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடுகளே இங்கு விரிவாகச் சொல்லப்படுகின்றன.

எல்லாவற்றுக்கும் முந்தியது எர்த். மூன்று துளை பிளக் பாயின்ட்டின் மேலே உள்ள பெரிய துளை எர்த்துக்கு உரியது. பழைய கடைக் கட்டடங்களில் துளை இருக்கும், அதன் பின்னால் கம்பி இராது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அந்த இணைப்பு எர்த் குழி வரை தொடர்கிறதா என்று அளக்கச் சொல்ல வேண்டும். புவியிணைப்பு பற்றிய ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரநிலை இப்பணிக்கு வழிகாட்டுகிறது. உப்பும் கரியும் இட்டு நிரப்பிய பழைய முறைக் குழி கோடையில் உலர்ந்துபோனால் அதன் மின்தடை ஏறிவிடும் என்பதால், மாசி முதல் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது வழக்கமாக வேண்டும். நிலைமின்னை வடிக்க மிக உயர்ந்த மின்தடை கொண்ட எர்த்துகூடப் போதுமானது; ஆனால் மனித உயிரைக் காக்க வேண்டிய எர்த்துக்குச் சில ஓம்களே இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று தண்ணீர்க் குழாயிலோ ஜன்னல் கம்பியிலோ கம்பியைக் கட்டுவது இந்த இரண்டாவது தேவையை நிறைவேற்றாது.

அடுத்தது மணிக்கட்டுப் பட்டை. தோலை ஒட்டிய ஓர் உலோகத் தகடும் அதிலிருந்து எர்த்துக்குச் செல்லும் கம்பியும் கொண்ட எளிய சாதனம் இது. ஆனால் அந்தக் கம்பியின் உள்ளே பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்று இருப்பதில்தான் அதன் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. பட்டை அணிந்தவர் தவறுதலாக 230 வோல்ட் மின்கம்பியைத் தொட்டுவிட்டாலும், அந்தத் தடையால் பட்டையின் வழியே பாயும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்குக்கும் குறைவாகவே இருக்கும். இது பொதுவாக மனிதர் உணரத் தொடங்கும் அளவைவிடக் குறைவு. அதே வேளையில் உடலில் ஏறிய மின்னூட்டம் ஒரு மில்லிநொடிக்குள் முழுவதும் வடிந்துபோகவும் அந்தத் தடை இடம் கொடுக்கிறது. எனவே வெறும் செப்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றி எர்த்தில் இணைத்துக்கொள்வது ஒருபோதும் செய்யக் கூடாதது: நிலைமின்னுக்கு அது நல்ல வழி, உயிருக்கு அது மோசமான வழி. 230 வோல்ட் நேரடியாக ஓடும் சார்ஜர், பவர் சப்ளை பலகைகளை மின் இணைப்போடு சோதிக்கும்போது, தடை உள்ள பட்டையையும் கழற்றிவிட வேண்டும்.

பட்டையைச் சட்டைக் கையின் மேல் அணிவதும், தளர்வாகத் தொங்கவிடுவதும் பயனற்றவை. தகடு தோலில் பட வேண்டும். கம்பி உள்ளே அறுந்துபோவது அடிக்கடி நேர்வதால், வாரம் ஒருமுறை மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறு முனையைக் கிளிப்பிலும் வைத்து, பத்து லட்சம் ஓம் அளவு காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பியே இல்லாமல் வேலை செய்யும் என்று இணையக் கடைகளில் விற்கப்படும் பட்டைகள் மின்னூட்டத்துக்குப் போக வழி எதையும் தருவதில்லை. அவற்றை வாங்கி அணிபவர் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டு மற்ற எச்சரிக்கைகளையும் கைவிடுவார் என்பதால், அவை இல்லாமலிருப்பதே நல்லது.

மேசை விரிப்பில் ஒரு குழப்பம் பரவலாக உள்ளது. சால்டரிங் வெப்பத்தைத் தாங்கும் நீலநிற சிலிக்கோன் விரிப்பு ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் காணப்படுகிறது. திருகுகள் வைக்கக் குழிகளும், காந்தம் பதித்த பகுதியும், ஓரத்தில் அளவுகோலும் அமைந்த அந்த விரிப்பு பொதுவாக ஒரு மின்காப்பி. நிலைமின் விரிப்பு என்பது வேறு. மேலே மெல்ல வடியவிடும் ஓர் அடுக்கும், கீழே நன்கு கடத்தும் ஓர் அடுக்கும் கொண்ட ரப்பர் விரிப்பாகிய அதன் மூலையில் எர்த் கம்பியை மாட்டுவதற்கு ஓர் உலோகப் பித்தான் இருக்கும். பித்தான் இல்லாத விரிப்பை நிலைமின் விரிப்பு என்று எண்ணக் கூடாது. மேல் அடுக்கின் மின்தடை பத்து லட்சம் ஓமிலிருந்து நூறு கோடி ஓம் வரையான எல்லைக்குள் இருக்கும்படி அமைப்பது வழக்கம். உலோகத் தகடு விரித்தால் இன்னும் நன்றாக வடியுமே என்று தோன்றலாம். ஆனால் மின்னூட்டம் ஏறிய பலகையை அதன்மேல் வைத்த கணத்தில் முழு மின்னூட்டமும் ஒரே பொறியில் இறங்கிவிடும், பேட்டரி மாட்டிய பலகையானால் ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. மெல்ல வடிவதில்தான் காப்பு இருக்கிறது.

விரிப்பு, பட்டை, சால்டரிங் நிலையம் மூன்றும் ஒரே எர்த் புள்ளியில் சேர வேண்டும். இரண்டு முனை பிளக் கொண்ட மலிவான சால்டரிங் இரும்பின் நுனியில் கசிவு மின்னழுத்தம் இருக்கக் கூடும் என்பதால், மூன்று முனை கொண்டதை வாங்கி, இரும்பு குளிர்ந்திருக்கும்போது நுனிக்கும் பிளக்கின் எர்த் முனைக்கும் இடையே சில ஓம்களே இருக்கின்றனவா என்று அளந்துகொள்ள வேண்டும்.

பட்டையும் விரிப்பும் கடத்திகளை மட்டுமே காக்கும். பிளாஸ்டிக், தெர்மோகோல், பாலித்தீன் போன்ற மின்காப்பிகளில் தேங்கிய மின்னூட்டத்தை எர்த் கம்பியால் எடுக்க முடியாது, ஏனெனில் அது நகர்ந்து கம்பியை அடையவே வழியில்லை. ஆகவே அவற்றை மேசையிலிருந்து விலக்கி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தேநீர்க் குவளை, பிளாஸ்டிக் கோப்பு, பார்சல் உறை, செல்லோடேப் ஆகியவை திறந்த பலகையிலிருந்து ஓர் அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். ஒட்டு நாடாவைச் சுருளிலிருந்து உரிக்கும்போது பல ஆயிரம் வோல்ட் எழும் என்பதால், உரிப்பதைத் தள்ளி நின்று முடித்துக்கொண்டு, வெட்டிய துண்டை மட்டும் பலகைக்குக் கொண்டுவர வேண்டும். புதிய டிஸ்பிளேயின் மேலிருக்கும் காப்புப் படலத்தை உரிப்பதும் இதே வகை. வேகமாக இழுத்து உரித்தால் திரையில் நிறத் திட்டுகள் தோன்றி, சில நிமிடங்களில் தாமே மறையும். மறைந்துவிட்டதால் சேதமில்லை என்று முடிவுகட்ட இயலாது. விரிப்பின் மேல் வைத்து, ஒரு மூலையிலிருந்து மெல்ல உரிப்பதற்கு அரை நிமிடம் ஆகும், அந்த அரை நிமிடம் ஒரு டிஸ்பிளேயின் விலைக்கு ஈடானது. தூசி தட்ட நைலான் தூரிகைக்குப் பதிலாக, நிலைமின் காப்புக்கென்றே விற்கும் கருநிறக் கடத்து தூரிகையைப் பயன்படுத்த வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை பருத்திச் சட்டை, பருத்தி வேட்டி, பருத்திச் சேலை ஆகியவை இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை. பாலியஸ்டர் கலந்த சட்டை அணிந்திருந்தால் கைப்பகுதியை முழங்கைக்கு மேல் மடித்துவிட வேண்டும். முந்தானை மேசையைத் தடவாதபடி செருகிக்கொள்ள வேண்டும். உடையில் உள்ள மின்னூட்டத்தை மணிக்கட்டுப் பட்டை வடிக்காது என்பதை மறக்கக் கூடாது. சுழலும் நுரை நாற்காலியைவிட மர முக்காலி நல்லது. வசதியுள்ள கடைகள் குளிர்சாதனத்துக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரைப் பங்குனியில் ஓட்டலாம். முன்னது காற்றின் ஈரத்தை எடுக்கிறது, பின்னது ஈரத்தைச் சேர்க்கிறது. ஆயினும் ஈரமான காற்று வந்தவுடன் பட்டையைக் கழற்றி வைப்பது தவறு, ஐப்பசி மழையிலும் ஒரு பாலித்தீன் பை ஆயிரம் வோல்ட்டைத் தாண்டக் கூடும்.

பட்டையோ விரிப்போ இல்லாமல் வீட்டில் மடிக்கணினியின் ராம் அட்டையை மாற்ற நேர்ந்தால், சிமென்ட் தரையில் வெறுங்காலோடு அமர்ந்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை விடுவித்து, ஒரு கையால் மடிக்கணினியின் உள் உலோகச் சட்டத்தைப் பிடித்தபடியே மறு கையால் புதிய அட்டையின் உறையைச் சட்டத்தின்மேல் சற்று வைத்து, பிறகு அட்டையை ஓரங்களால் எடுத்துப் பொருத்தலாம். கை, உறை, கருவி மூன்றும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடுவதால், எர்த் இல்லாவிட்டாலும் அவற்றுக்கிடையே இறக்கம் நிகழ்வதில்லை.

நிலைமின் அல்லாத ஊறல்

மடிக்கணினியின் உலோக மூடியை விரலால் வருடும்போது எறும்பு ஊர்வதுபோல் தொடர்ந்து உணரப்படுவதைப் பலரும் நிலைமின் என்று கருதுகிறார்கள். நிலைமின் ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். தொடர்ந்து இருப்பது சார்ஜரின் இரைச்சல் தடுக்கும் மின்தேக்கி வழியே வரும் கசிவு. எர்த் இல்லாத சார்ஜரில் மூடிக்கும் தரைக்கும் இடையே மின்விநியோகத்தின் ஏறக்குறையப் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட்வரை மீட்டரில் தெரியலாம். பாயும் மின்னோட்டமோ மிகச் சிறியது. மூன்று முனை சார்ஜர் பிளக்கின் எர்த் முனையை உடைத்தோ, இரண்டு முனை கன்வர்ட்டர் வைத்தோ பயன்படுத்துவதே பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்தால் ஊறல் நின்றுவிடும். ஊறல் வலுவாகவோ வலியாகவோ இருந்தால் அந்தச் சார்ஜரை உடனே விலக்க வேண்டும். எர்த்தும் பட்டையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடி மின்னலுக்கு அவை மருந்தாகாது. கோடை இடிமழை திரளும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவதே வழி.

அனுப்புதலும் அடிபட்ட பின் செய்வனவும்

ராசிபுரம் கடையில் தீராத பலகை வேலைகள் சேலத்துக்கோ கோவைக்கோ கூரியரில் போகின்றன. அப்போது பயன்படும் பைகளில் இளஞ்சிவப்பு நிறப் பை தன்னிடத்தில் மின்னூட்டம் உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும், வெளியிலிருந்து வரும் இறக்கத்தைத் தடுக்காது. உள்ளே உலோகப் பூச்சுள்ள வெள்ளிநிறப் பைதான் முழுக் காப்பு தரும், அதுவும் கிழிசலில்லாமல், வாய் மடித்து ஒட்டப்பட்டிருந்தால். வெள்ளிப் பை கிடைக்காதபோது பேட்டரி நீக்கிய பலகையைச் சாதாரணத் தாளில் சுற்றி, அதன்மேல் சமையலறை அலுமினியத் தாளை முழுவதும் மூடும்படி சுற்றலாம். பபிள் ராப்பும் தெர்மோகோலும் இந்த உறைக்கு வெளியேதான் வர வேண்டும். பிரிக்கும் இடத்திலும், பெட்டி திறந்தபின் பட்டையை மாட்டிக்கொண்டே உள் உறையைத் திறக்க வேண்டும்.

பொறி பட்டு கருவி உறைந்து நின்றுவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது நினைவகத்தில் ஏற்பட்ட தற்காலிகக் குழப்பமே. சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி அணைத்து, சிறிது நேரம் கழித்து இயக்கினால் மீண்டு வரும். மீண்டு வந்ததும் முதல் வேலை தரவுகளைப் படியெடுப்பது, ஏனெனில் ஆக்சைடு படலம் பாதி துளைபட்ட சில்லு வாரங்களோ மாதங்களோ ஓடிய பிறகு நின்றுபோகக் கூடும். இந்த மறைந்த சேதம் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே வீண் மனக்கசப்பை உண்டாக்குவது. மாற்றிய டிஸ்பிளே இருபது நாளில் கோடு விழுந்து திரும்பி வந்தால் பொருள் மட்டம் என்று ஒருவரும், கைபட்டது என்று மற்றவரும் சொல்லிக்கொள்கிறார்கள். பழுது திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் பொருத்திய தேதி, பொருத்தியவர், பலகை எந்த மேசையில் திறக்கப்பட்டது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், மாசி, பங்குனியில் பொருத்தியவை மட்டும் அதிகம் திரும்புகின்றனவா என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். அப்படித் திரும்பினால் உதிரிபாக விற்பனையாளரை மாற்றும் முன் பட்டையின் கம்பியையும் எர்த் குழியின் ஈரத்தையும் பார்க்க வேண்டும்.